திரைக்குக் காமாலை

உதடு நீலமாக இருக்கிறதாம்.
ஜெலுத்தோங் சாலையில், ஆணி பெயிண்ட் கடைக்கு மேல்மாடி,
தவமலர் போட்டோ கடை.
கப்பல் துறையில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டிய
ரெங்கநாயகத்தின் சட்டமிட்ட முகத்தை
மருமகள் மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.
நாளைக்குக் கருமாதி.

“பிரிண்டர் மேலதான் சந்தேகம், தம்பி.”
எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள்.
பிரிண்டர் சத்தம் போடும்.
திரை போடாது.

மழைக்கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன்.
மின்கம்பியைப் பிடுங்கி, பத்து எண்ணி, செருகினேன்.
பின்பக்கக் கேபிளின் திருகுகள் இறுக்கமாகத்தான் இருந்தன,
இருந்தாலும் பையிலிருந்த வேறொன்றைப் பூட்டினேன்.
அதே நிறம்.
இரவில் திரையை மஞ்சளாக்கும் ஏற்பாடு ஏதும் ஓடுகிறதா?
இல்லை.
திரையின் தாடைக்கடியில் விரலால் தடவிப் பொத்தானைத் தேடி
எல்லாவற்றையும் ஆலையை விட்டு வந்த நாளுக்குத் திருப்பினேன்.
(நடுவில் கை தவறி மெனு கொரிய மொழிக்குப் போய்விட்டது.
மீட்டு வர ஐந்து நிமிஷம்.)

அக்கா கீழே போய் கோப்பி ஓ வாங்கி வந்தார்,
பையில் கட்டி, ஸ்ட்ரா செருகி.

கடைசியாக அந்தச் சின்னச் சோதனை.
திரையில் தெரிவதை அப்படியே படமாகப் பிடித்து
என் கைப்பேசிக்கு அனுப்பினேன்.
கோளாறு கோப்பில் இருந்தால் கூடவே வரும்.
கண்ணாடியில் இருந்தால்
அங்கேயே தங்கிவிடும்.

திரையில் ரெங்கநாயகம்
கல்யாணத்துக்குக் கிளம்பியவர் மாதிரி இருந்தார்.
கைப்பேசியில்
குளிர் சாமான் அறையிலிருந்து வந்தவர் மாதிரி.

காமாலைக்காரன் கண்ணுக்கு, என்று ஆரம்பித்து
பாதியில் விழுங்கினேன்.
அக்காவின் கண்ணில் ஒரு குறையும் இல்லை.
ஒன்பது வருஷம் எரிந்த பின்விளக்கு
நாளுக்கு ஒரு மயிரிழை பழுத்திருக்கிறது.
அவரும் முகத்துக்கு முகம்
ஒரு மயிரிழை நீலம் ஏற்றியிருக்கிறார்.
கடை பல்பும் மஞ்சள்.
வந்தவர்கள் அதன் கீழேயே பார்த்து
நல்லாருக்கு என்று காசு கொடுத்து
வெயிலுக்குள் இறங்கியிருக்கிறார்கள்.

வண்டியில் கட்டிக் கொண்டுவந்த வேறு திரையைப் பூட்டினேன்.
அக்கா பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தார்.
மணமகள் நெற்றியில் கத்தரிப்பூக் குங்குமம்.
தாலிக்கயிறு பச்சை.
தைப்பூச மொட்டைக் குழந்தையின் தலையில்
சந்தனம் அல்ல, சிமெண்டு.
ஒருவர்கூட வந்து கேட்கவில்லை.
செத்த வீட்டில்தான்
உற்றுப் பார்த்திருக்கிறார்கள்.

“எத்தனை பேருக்குப் போன் போடணும் தம்பி?”
மவுசை உருட்டுவதை நிறுத்தாமல் கேட்டார்.
நான் சாமான் கோளாறு மட்டும்தான் பார்ப்பேன் அக்கா, என்றேன்.
சொன்ன பிறகு அது பதிலாகவே படவில்லை.
கூலியில் பத்து ரிங்கிட் குறைத்தேன்.
அதுவும் பதில் இல்லை.

ரெங்கநாயகத்திடமிருந்து நீலத்தை இறக்கினார்.
கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.
நிறுத்தி, என்னைப் பார்த்து,
“இப்ப சரியா? எனக்கு எங்கே நிக்கணும்னு தெரியல.”
அச்சிட்டு, ஈரக் கையால் தொடாமல்
மாடிப்படி ஜன்னலுக்குக் கொண்டுபோனார்.
மழை விட்ட வெளிச்சம்.
உதடு உதடாக இருந்தது.
கீழுதட்டில் ஒரு பழைய தழும்பு,
இத்தனை நாள் தெரியாதது.

பழைய திரையைப் போர்வையில் சுற்றிப் பின்னால் கட்டி
பைக்கைக் கிளப்பினேன்.
சந்திப்பில் சிவப்பு.
சிவப்பாகத்தான் தெரிந்தது.
பக்கத்தில் நின்ற சாப்பாட்டு டெலிவரிப் பையனிடம்
ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்று திரும்புவதற்குள்
பின்னாலிருந்து
ஹார்ன்.